பேபோவுக்கு எதற்கு மருத்துவ நோபல்?

கேள்வி இதுதான்: "ஸ்வாந்தே பேபோ எந்த நோய்க்கும் மருந்து கண்டுபிடிக்கவில்லையே. பழைய எலும்புகளை ஆராய்ந்தவருக்கு 2022-இல் மருத்துவ நோபலை, அதுவும் யாருடனும் பங்கு போடாமல் முழுசாகக் கொடுத்தது ஏன்? மனித மரபணு ஆய்வில் அப்படி என்ன சாதித்துவிட்டார்?"

பரிசின் முழுப்பெயர் 'உடலியங்கியல் அல்லது மருத்துவம்'. அந்த 'அல்லது'வை நாளிதழ்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. அழிந்துபோன மனித இனங்களின் மரபணுத்தொகை (ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ) பற்றியும் மனிதப் பரிணாமம் பற்றியும் செய்த கண்டுபிடிப்புகளுக்காக என்று நோபல் குழு காரணம் சொன்னது. முறைப்படி பதில் அவ்வளவுதான். ஆனால் அது உங்களுக்குப் போதாது என்பதால்தானே கேட்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் மரபணுத்தொகையைப் படித்தது பெரிய காரியம்தான். பழைய எலும்பிலிருந்து கிடைத்த டிஎன்ஏ அந்த எலும்புக்கே உரியதா, அதைத் தொட்டவரின் விரலிலிருந்து ஒட்டியதா என்று பிரித்துப் பார்க்க ஒரு துறைக்கே கற்றுக்கொடுத்தது அதைவிடப் பெரியது. அந்தப் பாடத்தை அவர் படித்ததே, முதலில் தானே ஏமாந்துதான்.

(பெயரைப் பாபோ என்றும் எழுதுகிறார்கள். ஸ்வீடிஷ் உச்சரிப்புக்குப் பேபோ கிட்டே வரும்.)

1955-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். தாய் காரின் பேபோ எஸ்தோனியாவிலிருந்து அகதியாக வந்த வேதியியலாளர். தந்தை சூனே பெர்க்ஸ்ட்ரோமும் 1982-இல் இதே மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டவர். ஆனால் தந்தைக்கு வேறு குடும்பம் இருந்தது. மகன் வளர்ந்தது தாயிடம். 13 வயதில் தாய் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதோடு பித்துப் பிடித்துவிட்டது. உப்சாலா பல்கலைக்கழகத்தில் எகிப்தியல் படிக்கச் சேர்ந்தார். பிரமிடையும் மம்மியையும் எதிர்பார்த்துப் போனவருக்குப் பழைய எகிப்திய மொழியின் வினைச்சொல் வடிவங்களைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். சலித்துப்போய் மருத்துவத்துக்கு மாறினார். அங்கிருந்து மூலக்கூறு உயிரியலுக்குப் போய், அடினோவைரஸ் நோயெதிர்ப்பு மண்டலத்தை எப்படி ஏமாற்றுகிறது என்பதில் முனைவர் பட்ட ஆய்வு.

மம்மி மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை. ஆயிரக்கணக்கான வருடம் காய்ந்து கிடக்கும் உடலில் டிஎன்ஏ மிச்சம் இருக்குமா? வழிகாட்டிக்குத் தெரியாமல் சோதித்துப் பார்த்தார். கடையில் கன்றின் ஈரல் வாங்கிவந்து, ஆய்வகச் சூட்டடுப்பில் 50 டிகிரியில் வைத்துச் செயற்கையாக ஒரு 'மம்மி' தயாரித்தார். ரகசியத்தை நாற்றம் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. ஆனால் காய்ந்து கறுத்த அந்த ஈரலில் டிஎன்ஏ துண்டுகள் இருந்தன.

அடுத்து நிஜ மம்மிகள். 23 மம்மிகளின் மாதிரிகளில், சுமார் 2,400 ஆண்டு பழைய ஒரு குழந்தையின் தோலிலிருந்து டிஎன்ஏ எடுத்துக் குளோன் செய்ததாக (நகலெடுத்ததாக) 1985-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அட்டைப்படச் செய்தி போல உலகம் கொண்டாடியது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஆலன் வில்சன் அப்போது மூலக்கூறுப் பரிணாம ஆய்வில் பெரிய ஆள். 'பேராசிரியர் பேபோ'வுக்குக் கடிதம் எழுதி, தன் ஓராண்டு ஆய்வு விடுப்பை உங்கள் ஆய்வகத்தில் கழிக்கலாமா என்று கேட்டார். பேபோவிடம் ஆய்வகமும் இல்லை, முனைவர் பட்டமும் இல்லை. பிறகு தலைகீழாக, பேபோ வில்சனிடம் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்தக் கட்டுரைக்கு என்ன மதிப்பு? டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளின் வரிசை. அவர் படித்த 3,400 எழுத்துத் துண்டில் 'ஆலு' என்ற மீள்வரிசை இருந்தது. மனித உடலின் மரபணுத்தொகை முழுக்கச் சிதறிக் கிடக்கும் வரிசை அது. குழந்தை மம்மியும் மனிதர், ஆராய்ந்தவரும் மனிதர், அகழ்ந்தவரும் மனிதர். மூவரில் யாருடைய ஆலு அது? சொல்ல வழியே இல்லை. அது அநேகமாக இக்கால மனிதரின் டிஎன்ஏதான் என்று பிற்பாடு பேபோவே ஒப்புக்கொண்டார். தன்னைப் புகழுக்குக் கொண்டுவந்த கட்டுரையைப் பற்றி இப்படிச் சொல்பவர்கள் எத்தனை பேர்?

பிசிஆர் வந்ததும் சிக்கல் இன்னும் முற்றியது. ஒரே ஒரு மூலக்கூறிலிருந்து கோடிக்கணக்கான நகல் எடுக்கும் நுட்பம் அது. பிசிஆர் செய்து பழகியவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும்: ஒரு குழாயில் மாதிரியே போடாமல் வெறும் தண்ணீர் வைத்து ஓட்டுவோம். அதில் எதுவும் வரக்கூடாது. நகல்களை ஓடவிட்ட ஜெல்லைப் புறஊதா விளக்கில் வைத்துப் பார்த்தால், அந்தத் தண்ணீர்க் குழாயின் வரிசையிலும் பளிச்சென்று ஒரு பட்டை சிரிக்கும். வயிறு கலங்கிவிடும். பைப்பெட்டா, கையுறையா, காற்றில் பறந்த தோல் செதிலா, எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். நேற்று எடுத்த ரத்த மாதிரியிலேயே இந்தப் பாடு என்றால், 40,000 ஆண்டு பழைய எலும்பில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் இதை யாரும் சட்டை செய்யவில்லை. பல கோடி ஆண்டு பழைய அம்பர் பிசினில் சிக்கிய பூச்சியின் டிஎன்ஏ என்று கட்டுரைகள் வந்தன. 1994-இல் 8 கோடி ஆண்டு பழைய எலும்பிலிருந்து டைனோசர் டிஎன்ஏ என்றே 'சயன்ஸ்' இதழில் ஒன்று வந்தது. பேபோவின் குழு அந்த வரிசையை எடுத்து அலசியது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்புக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அதன் துண்டுகள் பரிணாமப் போக்கில் எப்போதோ நம் குரோமோசோம்களுக்குள் தாவி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'டைனோசர்' வரிசை அப்படி மனித செல்லின் உட்கருவில் (குரோமோசோம்கள் இருக்கும் இடத்தில்) கிடந்த ஒரு துண்டுதான். 1995-இல் அதே இதழில் இதை வெளியிட்டார்கள். டிஎன்ஏ தானாகவே எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று 1993-இல் தோமஸ் லிண்டால் (இவருக்கு 2015-இல் வேதியியல் நோபல்) விளக்கியிருந்ததும் சேர்ந்துகொள்ள, டைனோசர் கனவு அத்தோடு படுத்தது.

பிறர் தப்பைக் கண்டுபிடிப்பதோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல விமர்சகர் என்ற பெயரோடு போயிருப்பார். 1990-இல் மியூனிக்கில் பேராசிரியரானவர், குகைக் கரடி, மாமத் என்று மனித டிஎன்ஏ கலந்திருந்தால் சுலபமாக இனம்காணக்கூடிய விலங்குகளில் முறையைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கினார். அதன் பிறகே மனிதன் பக்கம் வந்தார். ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் 1856-இல் கிடைத்த எலும்புக்கூடு, அந்த இனத்துக்கே பெயர் கொடுத்த எலும்புக்கூடு, பான் நகர அருங்காட்சியகத்தில் இருந்தது. அதன் மேற்கை எலும்பிலிருந்து மூன்றரை கிராம் அறுத்துக் கொடுத்தார்கள். மத்தியாஸ் கிரிங்ஸ் என்ற மாணவர் அதில் 0.4 கிராமை எடுத்து, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் சின்னச் சின்னத் துண்டுகளைப் படித்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி 379 எழுத்துகளைக் கோத்தார். இன்றைய மனிதர் இருவரை ஒப்பிட்டால் அந்தப் பகுதியில் சராசரியாக 8 எழுத்து வேறுபடும். இந்த எலும்புக்கும் நமக்கும் 27.

நம்பினார்களா? அமெரிக்காவில் இன்னொரு ஆய்வகத்துக்கு எலும்புத் துண்டை அனுப்பி, அங்கேயும் அதே வரிசை வந்த பிறகே 1997 ஜூலையில் 'செல்' இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு லைப்சிக்கில் தொடங்கிய மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்துக்குப் பேபோ இயக்குநர்களில் ஒருவராகப் போனார். 

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. அதில் நியாண்டர்தாலின் தடம் இன்றைய மனிதர் யாரிடமும் இல்லை. ஆகவே நம் முன்னோருக்கும் நியாண்டர்தாலுக்கும் இனக்கலப்பு நடக்கவில்லை என்ற பக்கம் அடுத்த 13 ஆண்டுகள் சாய்ந்தே இருந்தது, பேபோவும் அந்தப் பக்கம்தான். முழு மரபணுத்தொகையைப் படித்தால்தான் தீர்ப்பு. அதற்குப் புதிய தலைமுறை வரிசைப்படுத்தும் இயந்திரங்கள் வந்தன. இரண்டு ஆண்டில் முடிப்போம் என்று 2006-இல் அறிவித்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் 10 லட்சம் எழுத்துகள் 'நேச்சர்' இதழில் வெளியாயின. அடுத்த ஆண்டே இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: அந்தத் தரவில் இக்கால மனித டிஎன்ஏ கணிசமாகக் கலந்திருக்கிறது. வெளி டிஎன்ஏ கலப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவரின் வீட்டிலேயே கலப்பு! எலும்பிலிருந்து எடுத்த டிஎன்ஏ, வெளி டிஎன்ஏ புகாதபடி காக்கும் சுத்த அறையை விட்டு வெளியேறி இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போன வழியில் ஓட்டை இருந்தது.

அவர்கள் அடைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு எளிமை. சுத்த அறைக்குள்ளேயே, எலும்பிலிருந்து வந்த ஒவ்வொரு டிஎன்ஏ துண்டின் முனையிலும் நான்கெழுத்து முத்திரை ஒன்றை ஒட்டிவிடுவது. டி, ஜி, ஏ, சி. பிறகு துண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். கடைசியில் கணினியில் முத்திரை இல்லாத எதையும் தூக்கிப் போட்டுவிடலாம்.

முத்திரை ஒட்டுவதற்கு முன்பே, அருங்காட்சியகத்தில் தடவிப் பார்த்தவரின் டிஎன்ஏ எலும்பில் ஏறியிருந்தால்? அதற்கு டிஎன்ஏவின் சிதைவையே பிடித்துக்கொண்டார்கள். உயிர் போனதும் டிஎன்ஏ சிறு துண்டுகளாக ஒடிகிறது. ஒடிந்த முனைகளில் சைட்டோசின் என்ற எழுத்து, காலப்போக்கில் தன் அமினோ பகுதியை இழந்து யுராசிலாக மாறுகிறது. இயந்திரம் அதைத் தைமின் என்று படிக்கும். அதாவது சி இருக்க வேண்டிய இடத்தில் டி. பழைய துண்டுகளில் இது முனையில் நிறைய, நடுவில் குறைவு. நேற்று விரலிலிருந்து ஒட்டிய புதிய டிஎன்ஏவில் இந்தக் கோலம் கிடையாது. முன்பு எரிச்சலூட்டிய பிழை, இப்போது வயதுக்குச் சான்றிதழாகிவிட்டது. இன்று உலகில் எந்த ஆய்வகம் பழைய டிஎன்ஏ என்று கட்டுரை எழுதினாலும், மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது இந்தச் சிதைவு வரைபடத்தைத்தான்.

அடுத்த தொல்லை பாக்டீரியா. குரோவேசியாவின் விண்டியா குகையில் கிடைத்த எலும்புகளில் இருந்த டிஎன்ஏவில் 95 சதவீதத்துக்கு மேல் நுண்ணுயிர்களுடையது. பாக்டீரியா டிஎன்ஏவை அதிகமாக வெட்டும் நொதிகளைப் போட்டு அதைக் கழித்துக்கட்டி, நியாண்டர்தால் பங்கைப் பல மடங்கு கூட்டினார்கள். மூன்று எலும்புகள், மூவரும் பெண்கள். 400 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் படித்து 2010 மே மாதம் 'சயன்ஸ்' இதழில் முதல் வரைவு வெளிவந்தது.

தர்க்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் '2 சதவீத நியாண்டர்தால்' என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படித் தெரியும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். தென் ஆப்பிரிக்காவின் சான், மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா, பிரெஞ்சுக்காரர், ஹான் சீனர், பாப்புவா நியூ கினியர் என ஐந்து பேரின் மரபணுத்தொகையை நியாண்டர்தாலோடு ஒப்பிட்டார்கள். இனக்கலப்பே நடக்கவில்லை என்றால் நியாண்டர்தாலுக்கு ஐந்து பேரும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் மட்டும் கலந்திருந்தால் பிரெஞ்சுக்காரர் மட்டும் கிட்டே இருக்க வேண்டும். வந்த விடை இரண்டும் இல்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மூவருமே ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கிட்டே இருந்தார்கள், நியாண்டர்தால் எலும்பே கிடைத்திராத பாப்புவாவைச் சேர்ந்தவரும்கூட. அப்படியானால், ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியவர்கள் உலகெங்கும் பிரிந்து போவதற்கு முன்பே, அநேகமாக மேற்கு ஆசியாவில், கலந்திருக்க வேண்டும். ஹார்வர்டு மரபியலாளர் டேவிட் ரைக்கும் குழுவில் கணக்குப் போட்ட மற்றவர்களும் இதைச் சொன்னபோது, இது கணக்கில் ஏதோ கோளாறு என்றுதான் பேபோ முதலில் நினைத்தார். கோளாறு கிடைக்காதபோது ஏற்றுக்கொண்டார். அன்று 1 முதல் 4 சதவீதம் என்றார்கள், இப்போது சுமார் 2 சதவீதம். ஆப்பிரிக்கர்களிடமும், பின்னாளில் திரும்பிப் போனவர்கள் வழியாக, கொஞ்சம் இருக்கிறது என்று 2020-இல் வேறொரு குழு காட்டியது.

அதே 2010-இல் சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த விரல் எலும்பின் ஒரு துணுக்கு, யாரும் அறியாத ஒரு மனிதக் கிளையைக் காட்டியது. குகையின் பெயரால் அதற்கு டெனிசோவன் என்று பெயர். ஒரு மனித இனத்தை எலும்பின் வடிவத்தை வைத்து இல்லாமல் டிஎன்ஏவை வைத்தே கண்டது அதுதான் முதல் முறை. மத்தியாஸ் மேயர், டிஎன்ஏவின் இரட்டை இழையைப் பிரித்து ஒற்றை இழையாகவே 'நூலகம்' (இயந்திரம் படிக்கத் தயாரான துண்டுகளின் தொகுப்பு) தயாரிக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, 2012-இல் அந்தத் துணுக்கின் மரபணுத்தொகை இன்று உயிரோடிருப்பவருடையதைப் போலத் துல்லியமாகக் கிடைத்தது. தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவன் என்ற ஒரு பெண்ணின் எலும்பும் அதே குகையில் கிடைத்ததாக 2018-இல் வெளியிட்டார்கள்.

சரி, மருத்துவம் எங்கே? 2020-இல் ஹியூகோ செபெர்க்கும் பேபோவும், கொரோனா கடுமையாவதற்கான மிகப் பெரிய மரபணு ஆபத்துக் காரணியான மூன்றாம் குரோமோசோம் துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்று காட்டினார்கள். நீளம் சுமார் 50,000 எழுத்துகள். தெற்காசியாவில் பாதிப் பேரிடமும் ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடமும் இருக்கிறது. அந்தச் செய்தி நம்மிடையே பெரிய பீதியாகவே சுற்றியது. ஞானேஸ்வர் சௌபே, குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தெற்காசிய மக்கள்தொகைகளில் அந்தத் துண்டின் பரவலுக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2021-இல் எழுதினார்கள். அதை யாரும் வாட்ஸப்பில் அனுப்பவில்லை. பன்னிரண்டாம் குரோமோசோமில் இருக்கும் இன்னொரு நியாண்டர்தால் துண்டு கடும் நோயிலிருந்து ஓரளவு காக்கிறது என்றும் பேபோவும் செபெர்க்கும் காட்டினார்கள். திபெத்தியர்கள் ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் வாழ உதவும் மரபணு வடிவம் டெனிசோவனிடமிருந்து வந்தது என்பது வேறொரு குழுவின் கண்டுபிடிப்பு. ஆனால் டெனிசோவன் தரவு இல்லாமல் அது சாத்தியமே இல்லை.

அந்தத் தரவை அவர் கையாண்ட விதமும் அவர் தாக்கத்தில் சேர்த்தி. டெனிசோவன், நியாண்டர்தால் துல்லிய வரிசைகளைத் தங்கள் கட்டுரை அச்சாகும் முன்பே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். இன்றைய மனிதர் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்து, நியாண்டர்தாலிடம் இல்லாத புரத மாற்றங்கள் எத்தனை என்று எண்ணினால் ஏறத்தாழ 100 அமினோ அமில மாற்றங்கள்தான். ஒரு சிறு பட்டியல். இப்போது பல ஆய்வகங்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் செல்களில் வைத்துச் சோதிக்கின்றன.

அவர் குழு சொன்ன எல்லாமே நிலைத்தது என்று சொல்லமாட்டேன். பேச்சோடு தொடர்புடைய ஃபாக்ஸ்பி2 மரபணுவில் மனிதக் கிளையில் சமீபத்தில் இயற்கைத் தேர்வு வேகமாக வேலை செய்தது என்று 2002-இல் அவர் குழு எழுதியது பாடப்புத்தகம் வரை போனது. 2018-இல் வேறொரு குழு, பல்வேறு மக்களின் தரவை வைத்துப் பார்த்தால் அந்தத் தடயம் மறைந்துவிடுகிறது என்று காட்டியது. லைப்சிக், ஹார்வர்டு, கோபன்ஹேகன் போன்ற சில பெரிய ஆய்வகங்களிடமே எலும்பும் பணமும் குவிந்து கிடக்கின்றன என்ற குறையும் நியாயமானதுதான். வெப்பமான நிலங்களில் டிஎன்ஏ சீக்கிரம் அழிவதால் குளிர்நாட்டுக் கதைகளே அதிகம் படிக்கப்பட்டிருக்கின்றன. ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நகரமான ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை முயன்று பார்த்ததில், 2019-இல் வெளியானது ஒரே ஒரு பெண்ணின் மரபணுத்தொகை.

1985 மம்மிக் கட்டுரையின் மிச்சக் கதை அவருடைய பழைய மாணவர் யோஹன்னஸ் கிராவ்ஸ வழியாக வந்தது. டெனிசோவா விரலின் மைட்டோகாண்ட்ரியா வரிசையை முதலில் படித்தவர் இவர்தான். எகிப்தின் அபுசிர் எல்-மெலக்கில் கிடைத்த 151 மம்மிகளின் மாதிரிகளை எடுத்து, சிதைவுக் கோலம், கலப்புக் கணக்கு என்று எல்லா வடிகட்டியிலும் போட்டு 2017-இல் முடிவை வெளியிட்டார். 90 பேரின் மைட்டோகாண்ட்ரியா வரிசை தேறியது. உட்கரு டிஎன்ஏ நம்பும்படி கிடைத்தது மூன்றே பேரிடம்.